பதிவு இலக்கம்

என்னைவிட இதற்குத்தான் கடதாசி கூட.
பிரதேச செயலகத்தில் ஒரு இலக்கம்,
பொலிஸில் ஒரு கொப்பி,
மரம் ஏற்றிப் போனால் இன்னொரு துண்டு.
பஞ்சிகாவத்தையில் இரண்டாம் கையாய் வாங்கிய செயின்சோ.
இருபது அங்குலப் பார்.
ஆரஞ்சு நிறம் உரிந்து அலுமினியம் தெரியும் முதுகு.
கொட்டாஞ்சேனையில் என் பெயர் மெஷின் கிளமென்ட்.
வெறும் கிளமென்ட் என்று விசாரித்தால்
மூன்று பேரைக் காட்டுவார்கள்.

காஸ் இல்லாத வருடம்
எட்டாம் மாடிக்காரரும் விறகு கேட்டார்கள்.
பால்கனியில் மூன்று கல் வைத்து
கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு வடித்தார்கள்.
என்னிடம் மரம் இருந்தது, வாள் இருந்தது,
பெற்றோல் இல்லை.
வரிசையில் வாகன இலக்கம் கேட்டார்கள்.
மெஷினைத் தூக்கிக் காட்டினேன்.
"இதில் எத்தனை பேர் ஏறலாம் அண்ணே?"
பின்னால் நின்றவன் கேட்க
இரண்டு நாளாய்ச் சிரிக்காத வரிசை சிரித்தது.
அன்றைக்கும் கிடைக்கவில்லை.
கோடரியால் கொத்தினேன். தோள்மூட்டு இன்னும் சொல்லும்.

சரி, அது போகட்டும்.

போன செவ்வாய் பாமன்கடையில் ஒரு மாமரம்.
மிசிஸ் தேவசகாயத்தின் மதிலை வேர் பிளந்துவிட்டது.
கறுத்தக்கொழும்பான்.
பெயரில் மட்டும்தான் கொழும்பு;
கன்று கொக்குவிலில் இருந்து
இரவு மெயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்றார்.
"வெட்டும்போது நான் உள்ளே இருக்கிறேன் தம்பி,
முடிந்ததும் கூப்பிடு."

ரன்மல் மேலே ஏறிக் கொப்புகளைக் கயிற்றில் இறக்கினான்.
நான் எண்ணெய் கலந்தேன், ஒன்றுக்கு இருபத்தைந்து.
மூன்றாம் இழுப்பில் பிடித்தது.
மாமரத்தூள் ஈரமாய் வரும்,
சேட்டுக்குள் போய் வயிற்றில் ஒட்டும்.
பாதி அடிமரம் வெண்ணெய் மாதிரி.
பிறகு சத்தம் மாறியது.

பல்லில் கல் கடிபட்டது போல் இல்லை. வேறு.
பொறி பறந்தது.
நிறுத்திப் பார்த்தால்
ஆளின் இடுப்பு உயரத்தில்,
பட்டைக்கு நாலு விரற்கடை உள்ளே,
முள்ளுக்கம்பி.

"ஆடு கட்டினதா?" என்றான் ரன்மல்.
அவனுக்கு இருபத்தொரு வயது.

ஒழுங்கையின் வாயைப் பார்த்தேன்.
இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள்.
அன்று மண்மூட்டை, தார்ப்பீப்பா,
பீப்பாவிலிருந்து மரத்துக்கு இழுத்த கம்பி.
இரவு பத்தரை.
டோர்ச் வெளிச்சத்தில் என் அடையாள அட்டை
முன்னும் பின்னும் திரும்பியது.
ஊர் எது?
கொழும்பு.
அது இல்லை, சொந்த ஊர்?
கொழும்பு.
அவன் டோர்ச்சை முகத்துக்கு உயர்த்தினான்.
தாடி முளைக்காத முகம் அவனுக்கும்.
கொசு கடித்து இரண்டு பேரும் காலைத் தட்டிக்கொண்டோம்.

இந்த ஊர் மரத்தில் வளையம் சரியாய்த் தெரியாது.
பனி இல்லை, கோடை இல்லை,
எண்ணிச் சொல்ல முடியாது எத்தனை வருடம் என்று.
கம்பியைச் சுற்றி மட்டும்
கறுப்பாய், நீலமாய், மை கொட்டினாற்போல் ஒரு கறை.

ஏழு பல்லு போய்விட்டது. புதுச் செயின்
கூலியில் பாதியைத் தின்னும்.
மிசிஸ் தேவசகாயம் வெளியே வந்து
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கிட்டப் பார்த்தார்.
"அவிழ்த்துக்கொண்டு போனார்கள் என்றல்லவா நினைத்தேன்."
செயினுக்கென்று ஐயாயிரம் தந்தார்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது,
கை வாங்கிவிட்டது.

தெமட்டகொடையில் இல்யாஸ் நானா
போறணைக்கு விறகு நிறுத்தார்.
அந்தத் துண்டை மட்டும் காலால் ஒதுக்கினார்:
"இரும்பு உள்ளது வேண்டாம்."

அது என் கொட்டிலில் கிடக்கிறது.
உளி வைத்தால் கம்பி வந்துவிடும். வைக்கவில்லை.
அரம் தீட்டும்போது பாரை அதன்மேல்தான் சாய்க்கிறேன்,
உயரம் சரியாக இருக்கிறது.
ரன்மல் தேத்தண்ணிக் கோப்பையை அதில் வைக்கிறான்;
அடியில் வட்டம் வட்டமாய்ப் படிகிறது,
அதை எண்ணலாம்.