தொங்கு சோதனை

நெப்ராஸ்காவில், சோளக் களஞ்சியத்தின் உத்தரத்தில்
ஒரே போல்ட்டில் தொங்குகிறது
நான் வரைந்த கைரோப்ளேன்.
ஏறி அமர்கிறேன். மூக்கு தாழ்கிறது.
கோணமானியோடு குனிந்த லுமீர் கத்துகிறான்:
"பதினொன்று, பொஷேனா!"
ஒன்பது போதும்.
இருக்கையை அடுத்த துளைக்கு, அரை அங்குலம் பின்னால்.

இருநூற்று ஐம்பத்துநாலு பவுண்டுக்குள் நிற்கச் சொல்கிறது சட்டம்.
மெத்தை போனது. ரேடியோ போனது.
சாயமே பூசவில்லை,
அலுமினியம் அலுமினியமாகவே இருக்கட்டும்.
என் எடை மட்டும் கணக்கில் வராதாம்.

முதல் வரைபடத்தில் எஞ்சின்
என் தோளுக்கு மேலே இருந்தது. பார்க்க அழகு.
அப்படி ஒன்றில்தான் ட்வெய்ன்
நடுவானில் குப்புறப் புரண்டான்.
சவ அடக்கம் முடிந்து வந்த இரவு
தாள் கிழியும்வரை அழித்தேன்.
இப்போது அது தள்ளும் கோடு
என் கீழ் விலாவை ஒட்டிப் போகிறது;
சட்டைமேல் பென்சிலால் ஒரு புள்ளி,
துவைத்தாலும் மறுபடி வைத்துக்கொள்கிறேன்.

தலைக்குமேல் சுழலிக்கோ
எஞ்சினோடு பேச்சுவார்த்தையே இல்லை.
கீழிருந்து ஏறிவரும் காற்று சுற்றினால் சுற்றும்.

மதியம் இரண்டு கொலாச்சே தின்றுவிட்டு
மறுபடி ஏறினேன்.
"ஒன்பதரை" என்றான் லுமீர்,
ஸ்பேனரை நீட்டியபடி.
வாங்கவில்லை.
பசியோடு பறந்துகொள்கிறேன்.