தீ என்று எழுதிய வாளி

ஆவணியில் ஏழு வாளிகளைக் கழித்துக்கட்டினார்கள்.
சிவப்பு உடம்பு, வெள்ளையில் 'தீ',
அடி உருண்டை; தரையில் வைத்தால் சாயும்.
பதிவேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு
ஸ்டேஷன் மாஸ்டர் குருவில்லா சொன்னார்:
"எடுத்துட்டுப் போங்க, இங்க என்ன பத்தப் போகுது."
கேத்திப் பள்ளத்தாக்கையே அப்போது காணவில்லை,
மேகம் பிளாட்பாரம் வரை வந்து நின்றிருந்தது.

அடியில் ஓட்டை போடும் வேலையைத் துருவே முடித்திருந்தது.
பழைய ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் வரிசையாகச் செருகினேன்.

அருப்புக்கோட்டைக்காரனுக்குத் தெரிந்த விவசாயம்
தண்ணீர் தேடுவது.
காலையில் ஒரு சொம்பு, பொழுது சாய ஒரு சொம்பு,
ஊற்றி ஊற்றி
முதல் மூன்று தக்காளியையும் நானே மூழ்கடித்தேன்.
பிடுங்கினால் வேர் இல்லை, நனைந்த நூல்.
இலை தொங்கினால் தாகம் என்று
எங்கள் ஊர்ச் செடிகள் சொல்லித் தந்திருந்தன.
இந்த ஊர்ச் செடி வேறு பாஷை.
இப்போது விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்க்கிறேன்.
காய்ந்து வெளியே வந்தால்தான் சொம்பு.
அநேகமாய்ச் சொம்பு ஆணியிலேயே தொங்குகிறது.

"காச்சிருச்சா?" என்பாள் சண்முகக்கனி, தினம் போனில்.
நாலாவது செடி காய்த்தது.
ஐப்பசியில் பச்சை, கார்த்திகையில் பச்சை,
மார்கழி பிறந்தும் அதே பச்சை.
ஊரில் வெயில் சும்மா கொட்டிக் கிடக்கும்,
அதற்கு என்ன விலை என்று
ஒரு தக்காளியிடமும் நான் விசாரித்ததில்லை.
பறித்துத் துவையல் அரைத்தேன். நன்றாகவே இருந்தது.
"பழுத்திருச்சு" என்று சொல்லிவிட்டேன் அவளிடம்.

பீன்ஸ் பற்றி அதிகம் இல்லை.
குத்துச்செடி என்று விற்ற விதை
கொடியாகி சிக்னல் கம்பியைத் தேடிப் போனது.
விடியுமுன் ஒரு காட்டெருமை
வேலிக்கு அந்தப் பக்கமே நின்று
கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டு முடித்தது.
வாளியைத் தொடவில்லை. ஒழுங்கான விருந்தாளி.

பிறகு அந்த ராத்திரி.
மேகம் இல்லை, காற்று இல்லை,
ஒன்றுவிடாமல் எல்லா நட்சத்திரமும் வந்திருந்தது.
அழகு என்று நினைத்துத் தூங்கப் போனேன்.
காலையில் தண்டவாளம் வெள்ளை, புல் வெள்ளை,
கொத்தமல்லி கண்ணாடி.
வெயில் பட்டதும் எல்லாம் கறுத்துச் சுருண்டது.
'தீ' என்ற எழுத்துக்கு மேலே
கருகிய இலை தொங்கியது.
எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மறுநாள் இரவு வேட்டி, சாக்கு, போர்வை,
அதுவும் போதாமல்
பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டையும் போர்த்தினேன்.
"உருளைக்கிழங்கு நிக்கணுமா, போகணுமா?"
என்றார் குருவில்லா. பதிவேட்டில் எழுதவில்லை.

பொங்கலுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை,
தக்காளி வாளியிடம் போய் நின்றாள்.
கறுத்த தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு
"துவையல்தானே அரைச்சீங்க" என்றாள்.
"குரல்லயே தெரிஞ்சுது."

இருவருமாக மற்ற வாளிகளைக் கவிழ்த்தோம்.
மேலே இலை எரிந்த சேதி
கீழே யாருக்கும் போயிருக்கவில்லை.
பதினொரு கிழங்கு. அதில் மூன்று, சட்டைப் பொத்தான்.
உரம், விதை, மண் சுமந்த கூலி எல்லாம் கூட்டினால்
கிழங்கு ஒன்று நாற்பத்தேழு ரூபாய் என்று
சண்முகக்கனி கணக்குச் சொன்னாள்.
லாரி லாரியாய்க் கிழங்கு ஏற்றும் போஜன் வீட்டுக்கு
நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
சிரிக்காமல் வாங்கிக்கொள்ள அவர் பட்ட பாடு.
திரும்பும்போது எங்கள் கையில் ஒரு மூட்டை கேரட்.

ஒன்றை மட்டும் வேகவைக்கவில்லை.
வாளியின் அடியில் முட்டி வளர்ந்தது அது,
அந்த உருண்டையை அப்படியே வாங்கியிருக்கிறது,
தோலில் கொஞ்சம் துரு.
மேசையில் நிமிர்த்தி வைக்கிறேன்.
சாய்கிறது.