இருபது கிலோவுக்குக் கீழே

சர்க்கரைவள்ளிக் கொடிக்கு அடியில்
மூன்றாவது வளை.
மண்ணை அள்ளிக் கொட்டியிருக்கிற நேர்த்தியைப் பார்த்தால்
மெட்ரோ வேலைக்குப் போய்வந்த கை.

எங்கள் பட்டா இல்லாத தோட்டம்
ரயில்வே சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே
ஒன்பதடி அகலம்.
முளைக்கீரை, நாலு கத்தரி, ஒரு முருங்கை,
மணலிக் காற்றில் இலையோரம் கருகினாலும்
விடாமல் பூக்கிற வெண்டை.
இதில் பெருச்சாளிக்குப் பிடிக்காதது
பச்சைமிளகாய் மட்டும்.
அதையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போகிறது,
பிடிக்காத தட்டைத் தள்ளிவிடுகிற
மாப்பிள்ளை மாதிரி.

வளைக்குள் பாட்டில் ஓடு போடு என்றாள் சுகிர்தா.
போட்டேன்.
காலையில் அத்தனை ஓடும் வெளியே கிடந்தன,
ஒன்றுகூட உடையாமல்.
பாச்சா உருண்டை வைத்தேன்;
தோட்டம் பீரோ மாதிரி மணந்தது, அவ்வளவுதான்.
ரூபன் ஒரு பூனை கொண்டுவந்தான்.
அது பெருச்சாளியை ஒருமுறை பார்த்தது.
பிறகு மதில்மேல் ஏறி
இரண்டு நாள் இறங்கவே இல்லை.

"மருந்து வைக்கா, ஒரே நாள்ல காலி"
என்றார் இரும்புக்கடை மொய்தீன்.
மருந்து தின்றதைக் காக்கை தின்னும்,
காக்கையை நாய் தின்னும்,
அந்த நாய்தான் சாயங்காலம்
ரூபனின் கையை நக்குகிறது.
வேணாம் பாய், பொறி குடுங்க.

நானூற்றைம்பது ரூபாய்.
கொக்கியில் நெத்திலிக் கருவாடு.
முதல் ராத்திரி மாட்டியது
எதிர்வீட்டுப் பூனைக்குட்டி.
இரண்டாம் ராத்திரி கருவாடு மட்டும் இல்லை.
மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தால்
பொறிக்குள் பன்றிக்குட்டி போல ஓர் உறுமல்.

எடைமேடையில் பதினோரு வருஷம் எனக்கு.
லாரியைப் பார்த்தே டன் சொல்வேன்.
இது முக்கால் கிலோ, கூடினால் எண்ணூறு.
இருபது கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும்
என் எந்திரம் சுழிதான் காட்டும்.
கம்பியைப் பிடித்திருந்த முன்கால் விரல்கள்
கீரை ஆய்கிற விரல்கள் மாதிரி
சின்னதாய், சுத்தமாய் இருந்தன.
அதைப் பார்த்திருக்கக் கூடாது.

டிரம்மில் முக்கு என்றார்கள்.
டிரம்மில் இருந்தது லாரித் தண்ணீர்,
நாலு நாளைக்கு ஒருமுறை வருவது.
அதை வீணாக்க மனசில்லை என்றுதான்
வெளியில் சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி பத்தரை.
வண்டியின் முன்னால் பொறி, மேலே கோணி.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கால்வாய்ப் பாலத்தில்
எதிரே ஒரு சைக்கிள்.
அதன் கேரியரிலும் கோணி.
என் கோணியை அவர் பார்த்தார்.
அவர் கோணியை நான்.
"இன்னாம்மா அதுல?"
"உங்கள்துல இன்னா?"
அவர் கோணி உறுமியது.
என்னுடையது பதில் சொன்னது.

தேசப்பன். அந்தக் கரையில்
அவரைப் பந்தல், புடலை, மூன்று வாழை.
"போன மாசம் மட்டும் ஆறு புடிச்சி
இந்தப் பக்கம் வுட்டேன்" என்றார்,
பெருமையோடு.
"அதுல ஒண்ணைத்தான்
திருப்பிக் கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

சரக்கு ரயில் ஒன்று
ஐம்பது பெட்டியும் போகும்வரை
நாங்கள் பேசவில்லை.
அப்புறம் அவர்தான் முதலில் சிரித்தார்,
பீடிப்புகை மூக்கில் ஏறி இருமும்வரை.

பாலத்தின் நடுவில் வைத்து
இரண்டு கதவையும் தூக்கினோம்.
என்னுடையது கொஞ்சநேரம் வெளியே வரவே இல்லை.
பிறகு இரண்டும்
பாலத்தை ஒட்டிப் போகிற தண்ணீர்க் குழாய்மேல் தாவி
எந்தக் கரை என்று காட்டாமல்
இருட்டுக்குள் போயின.

மறுநாள் முதல் வண்டி தவிட்டு லாரி.
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது.
மூட்டைக்குள் எது உட்கார்ந்து வந்தாலும்
எனக்குத் தெரியப்போவதில்லை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால்
வெண்டைக்கு அடியில் ஈர மண்.
தேசப்பனுக்குப் போன் போட்டேன்.
"உங்களுதா, என்னுதா?"
"இங்கயும் ஒண்ணு தோண்டியிருக்கும்மா.
நீயே வந்து பாத்துச் சொல்லு."

கருவாடு தீர்ந்துவிட்டது.
நாளைக்குத்தான் வாங்க வேண்டும்.