விருப்பப் பாடம் - 3

படிவத்தில் மூன்று கட்டம்.
வானியல்.
வரைபடக் கோட்பாடு.
செயல்முறை ஆய்வு.
ஏதேனும் ஒன்றில் டிக் இடுக என்று
கீழே பொடி எழுத்து.
என் கைக்கு வந்தபோதே
மூன்றாம் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது.
நாற்பத்தாறு படிவத்திலும்
ஒரே கை, ஒரே பச்சை மை.

"சார், நான் வானியல்."
ஞானப்பிரகாசம் சார் கோபிக்கவில்லை.
கௌரவ விரிவுரையாளர்,
நாலு மாதமாய்ச் சம்பளம் வராதவர்.
"எடுக்க ஆளில்லம்மா.
சிலபஸ்ல இருக்கும், காலேஜ்ல இருக்காது.
கையெழுத்து மட்டும் போடு."

கடைமடைக்காரிக்குப் புரியாததில்லை.
மேட்டூரில் திறந்தார்கள் என்று பேப்பரில் வரும்.
கல்லணையில் பூத்தூவுவது டிவியில் வரும்.
எங்கள் வாய்க்காலுக்கு
ஆடி போய் ஆவணியில்
ஒரு ஈரம் வரும்.
அதற்கும் தண்ணீர் என்றுதான் பேர்.

ஆனாலும் துறைத்தலைவரிடம் கேட்டேன்.
தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நடத்துகிறார்களாம்,
சனிக்கிழமை போய்வருகிறேன்,
பரீட்சை மட்டும் இங்கே எழுதுகிறேன்.
அவர் விதிப்புத்தகத்தைத் திறக்கவில்லை.
அதன்மேல் கையை வைத்தார்.

ஏன் வானியல் என்று கேட்க
படிவத்தில் கட்டமில்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
எட்டாவது படிக்கையில் கஜா அடித்தது.
ஒரே ராத்திரியில் எங்கள் தோப்பில்
நூற்றுப் பதினோரு தென்னை.
இருபத்தெட்டு நாள் கரண்ட் இல்லை.
அப்பா விழுந்ததை எண்ணிக்கொண்டிருந்தார்.
நிவாரணத் தார்ப்பாயில் மல்லாந்து
நான் மேலே எண்ணினேன்.
மரம் இருந்த இடமெல்லாம் வானம்.
அழவேண்டிய நேரத்தில்
எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.
வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

ஊர்ப் பேரில் ஞாயிறு: தலைஞாயிறு.
ஆற்றின் பேரில் சந்திரன்: அரிச்சந்திரா.
கால அட்டவணையில் மட்டும்
இரண்டுக்கும் இடமில்லை.

படித்தேன், செயல்முறை ஆய்வு.
மூன்று கிடங்கு, நாலு சந்தை.
நெல்லைக் குறைந்த செலவில் அனுப்புவது எப்படி?
வடமேற்கு மூலையில் தொடங்கு என்கிறது முறை.
அங்கே நிரப்பி, அடுத்ததை நிரப்பி,
தென்கிழக்கு மூலைக்கு மிச்சம்.
இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா எங்களுக்கு?
தை மழையில்
கொள்முதல் நிலையத்து வாசலில்
பதினாறு நாளாய் எங்கள் மூட்டைகள் முளைவிட்டுக் கிடந்தபோது
பிழையில்லாமல் போட்டேன் அந்தக் கணக்கை.
எழுபத்தெட்டு மார்க். வகுப்பில் முதல்.
கணக்கு அழகாகத்தான் இருந்தது.
அதுதான் இன்னும் எரிச்சல்.

நூலகத்தில் வானியல் புத்தகம் ஒன்றே ஒன்று.
நடத்தாத பாடமாம், வெளியே தரமாட்டார்கள்.
ஆளுமைத்திறன் வகுப்பில்
ஜெய்புன்னிசா எனக்கும் சேர்த்து உள்ளேன் சொல்ல
அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன்.
அறுபத்திரண்டாம் பக்கம்:
துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரமோ
அவ்வளவுதான் நீ நிற்கும் ஊரின் அட்சரேகை.
எங்கள் ஊருக்குப் பத்தரை டிகிரி.
கையை நீட்டி மடக்கினால்
ஒரு முஷ்டி, பத்து டிகிரி.
பரீட்சைக்கு வராது.

நேற்று மதிப்பெண் பட்டியல் வந்தது.
தையல்நாயகி க. என்ற பேருக்குக் கீழே
விருப்பப் பாடம் 3: செயல்முறை ஆய்வு. தேர்ச்சி.
என் விருப்பம் இன்னதென்று
பல்கலைக்கழக முத்திரையோடு.

ராத்திரி தோப்புக்குப் போனேன்.
வடக்கே பார்த்துக் கையை நீட்டி
அடிவானத்தில் முஷ்டியை வைத்தேன்.
புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகள்
சரியாக அந்த உயரத்துக்கு
வளர்ந்து நிற்கின்றன.
கொஞ்சம் நகர்ந்தேன்.
வரப்போடு இன்னும் கொஞ்சம்.
தண்ணீர் வராத வாய்க்காலுக்குள் இறங்கி
வெடிப்பில் கால் வைத்து நின்றேன்.
இரண்டு மட்டைகளுக்கு நடுவே
மங்கலாய்,
அசையாமல்.