கேஸ் தோம்பில் எழுதிய தேதி

பஹாவ் கடைத்தெருவுக்குப் பின்னால்
செம்பனைக் காடு வந்து முட்டும் தாமானில்
கடைசி வரிசை, கடைசி வீடு.
புதுத் தோம்பு வந்த அன்றே
அதன் வயிற்றில் சாக்பீஸால் எழுதினேன்:
ஜூன் நாலு.

பத்தொன்பது வருஷம் பாய்லர்காரன் நான்.
நாரும் கொட்டையோடும் வாரி வாரித்
தீயின் வாயில் போட்டவன்.
அங்கே தீ கேட்டதைக் கொடுக்க வேண்டும்.
இங்கே தீயைக் கெஞ்ச வைக்க வேண்டும்.

தவமலர் விடியுமுன்
கையுறைத் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறாள்.
அடுப்பு இப்போது என் ஷிப்ட்.

பாசிப்பருப்பை இரவே ஊறப்போடு.
ஒரு கொதி வந்ததும் பிளாஸ்கில் ஊற்றி இறுக மூடு,
பழைய டவலைச் சுற்று.
துணி அலசிக் காயப்போட்டு வருவதற்குள்
தானே குழைந்து கிடக்கும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பாய்லரை அணைத்து ஆறு மணி நேரம் கழித்தும்
முதுகு சாய்க்க முடியாதபடி சுட்ட சுவர்
சொன்னது.

அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு.
மீன் கழுவிய தண்ணீர் மிளகாய்க்கு;
சாயங்காலத்தில் மட்டும் ஊற்றாதே,
ஆறு பூனைகள் வந்து தொட்டியையே தோண்டிவிட்டன.
கங்கோங் கட்டு ஒரு வெள்ளி ஐம்பது காசு.
இலையை ஆய்ந்துகொண்டு அடித்தண்டை
உடைந்த வாளிச் சேற்றில் குத்தி வை.
மூன்று வாரத்தில் இன்னொரு கட்டு, சும்மா.
நாலாம் முறை வருவது வெறும் நார்,
அதையும் தின்றோம்.

அடிப்பிடித்த சட்டிக்குப் புளிச்சக்கையும் கல்லுப்பும்.
தரைக்கு என் மில் சட்டை;
காக்கி நன்றாக ஈரம் குடிக்கிறது.
பையின் மேல் பெயர் தைத்த துண்டை மட்டும்
வெட்டி எடுத்து வைத்தேன்.
தங்கமுத்துவைக் கொண்டு கக்கூஸ் வாசலைத் துடைக்க
எனக்கே மனசு வரவில்லை.
தவமலர் அதைச் சட்டி இறக்கும் துணியில் தைத்துவிட்டாள்.
இப்போது என்னைப் பிடித்துத்தான்
குழம்பு இறக்குகிறேன்.

ஒன்று தோற்றது.
பொரித்து மிஞ்சிய எண்ணெயில் சோப்புக் காய்ச்சினேன்.
சட்டை, தலையணை, திரைச்சீலை எல்லாம்
மூன்று நாள் வறுத்த நெத்திலி வாசம்.
பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்
காலியாகவே போனதாம்.

மில்லில் எதுவும் வீணாகாது.
பிழிந்த நார் தீக்கு, ஓடு தீக்கு,
வெறுங்குலை மரத்தடிக்கு, சாம்பல் மரத்தடிக்கு,
கழிவுநீர்கூடக் குளத்தில் கிடந்து குமிழிட்டு
உரமாகத் திரும்பும்.
புது பாய்லர் வந்த மாதம்
மிஞ்சியது நாங்கள் ஏழு பேர்.
எங்களை எதற்கு உபயோகிக்கலாம் என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.

போகட்டும்.
வானம் கறுக்கிறது,
காய்கிற முட்டையோட்டை உள்ளே எடுக்க வேண்டும்.

ஜூலை பதினாறு.
போன தோம்பு இருபத்தெட்டு நாளில் மூச்சடங்கியது,
இது நாற்பத்திரண்டு தாண்டியும் நீலமாக எரிகிறது.
அன்று இரவு ஓவர்டைம் காசு வாங்கி வந்தவள்
கையில் பெட்டி. பொரித்த கோழி, ஒன்பது துண்டு.
எவ்வளவு, என்றேன்.
வாயை மூடிக்கிட்டுத் தின்னு, என்றாள்.
அடுப்புப் பற்றாத சமையலறையில்
நின்றபடியே தின்றோம், விரல் நக்கி,
பேச்சில்லாமல்.
எலும்பை வைத்து ஒரு ரசம் என்று தொடங்கினேன்.
அவள் பார்த்த பார்வையில்
பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.
எலும்பு பூனைகளுக்குப் போனது.

அவள் தூங்கியதும்
பெட்டியின் எண்ணெயைத் துடைத்து
அடியில் நாலு ஓட்டை போட்டேன்,
மிளகாய் நாற்றுக்கு.

காலையில் பஸ் போய்விட்டிருந்தது.
தோம்பில், என் தேதிக்குக் கீழே
அவசரமாய்ச் சாய்ந்த அவள் எழுத்து:
நேத்து ராத்திரி அடுப்புக்கு லீவு.
கணக்குல ஒரு நாள் கூட்டிக்கோ.