எண்பத்தேழாவது கட்டை

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
முகமூடிக் கயிற்றின் தடம் கன்னத்தில் இருக்க
தெலுக் பஹாங் பஸ்ஸில் தூங்கியபடி வருவேன்.
கடைசி நிறுத்தம். டிரைவர் எழுப்பிவிடுவார்.

காட்டு மியூசியம் என்கிறது பலகை.
மூன்று அறை. கூரையில் ஓர் ஒழுகல்.
பஞ்சடைத்த பறக்கும் அணில், ஒரு கண் இல்லாமல்.
நாங்கள் நான்கு பேர், சம்பளம் கிடையாது,
ரொஹாயு கட்டிவரும் நாசி லெமாக் உண்டு.

கண்ணாடிமேல் பல்லி எச்சம் துடைப்போம்.
ஈரம் குடித்து வெளுத்த மணிகளைச்
சட்டியில் வறுத்து மறுபடி நீலமாக்குவோம்.
பள்ளிப் பிள்ளைகள் வந்தால்
கண் இருக்கும் பக்கமாய் அணிலைத் திருப்பிவைப்போம்.

இந்த மாதம் இழுப்பறைகள்.
உள்ளங்கை அளவில் நூற்றிருபது மரக்கட்டை.
லேபிள்களை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது.
அது தேடியது பசையை;
பெயர்கள் வழியில் இருந்ததால் போயின.

பிளேடால் முனையைச் சீவி
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.
வாரம் ஐந்து இரவு
சில்லுகளில் பிழை தேடும் கண் எனக்கு.
இங்கே துளைதான் முகவரி.
செங்கால் எடையிலேயே தெரிந்தது.
கெரூயிங் விரலில் பிசுபிசுத்தது.
மெர்பாவை ஈரத்துணியில் பொதிந்த ஹரிவர்மன்
கறைபட்ட கையைப் படமெடுத்து
யாருக்கோ அனுப்பிச் சிரித்தான்.
கல்லூரிக்கு அவனுக்கு நாற்பது மணி நேரம் வேண்டும்,
முப்பத்தொன்று ஆகிவிட்டது.

எண்பத்தேழு மட்டும் பிடிபடவில்லை.
வைக்கோல் நிறம். வாசம் இல்லை.
கூ பெங் சூன் தட்டினார், முகர்ந்தார்,
பர்மா ரோட்டில் முப்பது வருடம்
மேசை நாற்காலி விற்றவர்.
"பார்த்ததே இல்லை" என்றார்.
அட்டையில் எழுதினேன்: தெரியவில்லை.
மூன்று மொழியிலும்.

அடுத்த சனி இழுப்பறையைத் திறந்தால்
கட்டைக்குக் கீழே மாவு.
சலித்த மைதாபோல் ஒரு சின்னக் குவியல்.
குண்டூசித் துளைகள் பதினொன்று.
மற்றதற்கும் பரவும் என்று
ரொஹாயு அதைப் பிளாஸ்டிக்கில் மூன்று சுற்றுச் சுற்றி
வீட்டு பிரீசரில் வைத்தார்,
கெம்போங் மீனுக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் நடுவே,
இரண்டு வாரம்.
பெலாச்சான் என்று நினைத்து
அவர் கணவர் பாதி அவிழ்த்துவிட்டாராம்.

வேலையில் லென்ஸுக்கு முன்னால் யோசித்தேன்.
நூற்றிருபதில்
வண்டு ஏன் அதை மட்டும் கேட்டது?

கட்டை திரும்பி வந்ததும்
முதலுதவிப் பெட்டியின் அயோடின் ஒரு சொட்டு விட்டேன்.
கறுத்தது. மாவுச்சத்து.
லென்ஸில் வலைபோல் மெல்லிய குறுக்குக் கோடுகள்.
தட்டியபோது ஒரு வண்டு விழுந்தது,
எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், செத்திருந்தது.

கித்தா.

அம்மா இருபத்திரண்டு வருடம் அதன் தோலைச் சீவினாள்.
தோலுக்கு உள்ளே என்ன நிறம் என்று
எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"தோட்ட மரம் காட்டில் சேராது,
எடுத்துவிடலாம்" என்றான் ஹரிவர்மன்.
கூ சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.
"என் கடையில் பாதி இதுதான்.
சாயம் பூசி ஓக் என்று விற்றேன்."
ஆனாலும் அவர் ஓட்டு ஹரிவர்மனுக்குத்தான்.

இரண்டுக்கு இரண்டு.
நாசி லெமாக் காகிதத்தில் எண்ணிப் பார்த்தோம்,
இரண்டு தடவை.
அடுத்த மாதம் வரை
எண்பத்தேழு அதன் இடத்திலேயே இருக்கட்டும் என்றாயிற்று.
புது அட்டையில் மரத்தின் பெயர் எழுதினேன்.
அடையாளம் கண்டவர் என்ற கட்டத்தில்
ரொஹாயு என் பேனாவை வாங்கி
'வண்டு' என்று போட்டார்.
அதைத் தீப்பெட்டியில் வைத்து
பக்கத்திலேயே ஒரு குழி கொடுத்தோம்.

ஹரிவர்மனின் படிவத்தில் கையெழுத்திட்டேன்.
நேரம்: நான்கு மணி.
செய்த பணி:
பேனாமுனையைக் கடித்தபடி வெகுநேரம் நின்றான்.
பிறகு 'துடைத்தல்' என்று எழுதினான்.
பஸ் வந்துவிட்டது.