இரண்டு விரற்கடை

அக்டோபர். அஜ்மான், நுஐமியாவின் பின்தெரு.
புகார் எண் மறந்துவிட்டது, வாசகம் இதுதான்:
'நூற்றிநான்கில் ஏசி ஒழுகுகிறது, சுவர் பாசி பிடிக்கிறது.'
ஏணியும் ஸ்பேனரும் ஒரு முழுக் குழாயுமாகப் போனேன்.

ஒழுகத்தான் செய்தது.
நிமிடத்துக்கு நாற்பது சொட்டு. எண்ணுவதும் என் வேலை.
சொட்டு விழும் இடத்தில்
நடைபாதைக் கற்களின் இடுக்கைப் பிளந்துகொண்டு
முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி.
கிளைக்குக் கிளை காகிதக் கூண்டு.

எனக்குத் தெரியாத செடி.
அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வளர்ந்தவனுக்குச்
செடி என்றால் குரோட்டன்ஸ்.
ஆகவே ஊர் நினைவு ஏதும் வரவில்லை,
யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பலதியா சீருடையில் தெருக்கூட்டும் மொன்டு மியா
'தெபாரி' என்றார், துடைப்பம் நிற்காமல்.
அவர் கூட்டிய கோடு
செடியருகே மட்டும் வளைந்து போயிருந்தது.

மருந்துக்கடை பிஜேஷ் வெளியே வந்து பார்த்தான்.
'ஞொட்டாஞொடியன்!' சொன்ன வாய் மூடுமுன்
பயந்தும் போனான்:
அமுக்கிராவாக இருந்தால்?
மலைப்பக்கம் அதுவும் கூண்டு கட்டித்தான் காய்க்கும்.
கொத்தாகக் காய்த்தால் தொடாதே.
பழம் சிவந்தால் தொடாதே.
இலை சாம்பல் பூத்திருந்து,
கசக்கினால் குதிரை மூத்திரம் நாறினால்
கையைக் கழுவிவிட்டு வேறு வேலை பார்.

கசக்கினேன். தக்காளிக் காம்பின் வாசம்.
கணுவுக்கு ஒரே பூ, தலைகவிழ்ந்து, மஞ்சளாக,
தொண்டையில் மை ஒற்றியது போல் புள்ளிகள்.
கூண்டை வெளிச்சத்தில் பிடித்தால்
உள்ளே ஓர் உருண்டை. பச்சை.
பச்சையைத் தின்னக் கூடாது, பறிக்கவும் கூடாது,
தானே விழும், என்றான்.

குழாயை மாட்டிக் கீழே இறக்கினேன்.
தூரிலேயே விழுந்தால் வேர் அழுகுமாம்.
வாயைத் தூரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்தேன்.
சுவர் காய்ந்தது.
'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏசித் தண்ணீரில் உப்பும் இல்லை, சத்தும் இல்லை.
கஃபெட்டீரியாவில் தேயிலைச் சக்கை கேட்டு வாங்கி,
சர்க்கரை போக அலசி,
வியாழன்தோறும் ஒரு கைப்பிடி.

டிசம்பரில் குளிர் வந்தது.
சொட்டு நின்றது.
யாரும் புகார் செய்யவில்லை.

நான்தான் போய் நூற்றிநான்கைத் தட்டினேன்.
கணக்கு டீச்சர் மெர்வத், எகிப்துக்காரர்.
'ஏசி சரியாகத்தானே இருக்கிறது?'
'இருக்கிறது மேடம். ஏன் போடுவதில்லை என்று...'
என்னை ஒருமாதிரி பார்த்தார்.
ஜன்னலைத் திறந்து கீழே காட்டினேன்.
'ஹரன்கஷ்!' என்று கத்தினார், வகுப்பறைக் குரலில்.
இன்னொரு பெயரும் உண்டாம் அங்கே:
வெட்கப்படும் சீமாட்டி.
அன்றிலிருந்து அரிசி கழுவிய நீர்
மாலைதோறும் ஜன்னலிலிருந்து இறங்கியது,
கயிற்றில் கட்டிய பாட்டிலில், மெதுவாக.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.
கூண்டுகள் வைக்கோல் நிறமாகி உதிர்ந்திருந்தன.
துடைப்பத்துக்குத் தப்பியவை அல்ல,
துடைப்பம் பொறுக்கி ஓரமாக வைத்தவை: ஒன்பது.
நாங்கள் நான்கு பேர்.
வகுத்துச் சொன்னது கணக்கு டீச்சர்.

கூண்டை உரித்தால் விரலில் பிசுக்கு.
பொன்மஞ்சள் தோல், பல் பட்டதும் வெடிக்கிறது.
முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு,
விழுங்கிய பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு கசப்பு.
அன்னாசியைப் பற்றிக் கேள்விப்பட்ட தக்காளி.
மொன்டு மியா கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.
பிஜேஷ் வெற்றுக் கூண்டை ஊதி
என் நெற்றியில் அடித்தான்: டப்.

இரவு கேம்ப்பில் சொன்னேன்.
மேல்கட்டில் செபஸ்தியான் புரண்டு படுத்து,
'சொடக்குத் தக்காளிடா அது,' என்றான்,
பாதித் தூக்கத்தில்.
மூன்று மொழி தாண்டி
என் மொழி கடைசியாக வந்து சேர்ந்தது.

ஒன்பதாவது பழம் சட்டைப்பையில் இருக்கிறது.
நாளைய வேலை: ராஷிதியா, இருநூற்றியேழு,
குளிரிலும் ஏசி ஓடும் சர்வர் அறை.
ஒழுகுகிறதாம்.